ஒரு கல்யாணப் பாட்டுக்கு மலாய் எழுதிய கதை

கவிதா போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். என் பழைய ஆபீசில் எனக்குப் பிறகு சேர்ந்தவள். இப்போது அங்கே அவள்தான் சீனியர். அவள் அனுப்பியது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் பாட்டுக் காட்சி. கீழே கம்ப்யூட்டர் தானாகவே எழுதிய மலாய் சப்டைட்டில். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘வாசலில் நிற்கும் வாழைமரத்துக்குத் தன் கன்றுக்குட்டியின் கல்யாணம் தெரியுமா?’

கூடவே ஒரு குரல் செய்தி. “அக்கா, பாத்தீங்களா? வாழமரம் மாட்டுக்குட்டி போட்டிருக்கு! நீங்க எழுதுனது பழைய ஃபைல்ல இருக்கு, அதையே போடலாம்னு சொன்னேன். புது பாஸ் கேக்கிறாரு, அப்போல்லாம் பாட்டுக்கு சப்டைட்டிலே கிடையாதாமே, இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் எப்படிப் போட்டாங்கன்னு. கொஞ்சம் எழுதிக் குடுங்க லா.”

கவிதா கேட்டது அரைப் பக்கம். எழுத உட்கார்ந்தால் இவ்வளவு வந்துவிட்டது.

என் பெயர் தனலெட்சுமி. வீடு கிள்ளானில். சுபாங் ஜெயாவில் ஒரு சின்னக் கம்பெனியில் இருபத்தெட்டு வருடம், தொலைக்காட்சியில் வருகிற தமிழ்ப் படங்களுக்கும் நாடகங்களுக்கும் மலாயில் சப்டைட்டில் எழுதினேன். என்னை நேரில் பார்ப்பவர்களுக்கு இதை நம்பச் சற்று நேரம் பிடிக்கும். என் முகம் சீன முகம். பிறந்த பத்தாம் நாள் ஒரு சீனக் குடும்பம் என்னை அம்மாவிடம் கொடுத்துவிட்டது. வரிசையாகப் பெண் பிறந்த சீன வீடுகளிலிருந்து தமிழ் வீடுகளுக்குக் குழந்தை வருவது அந்தக் காலத்தில் இங்கே புதுமை இல்லை. எங்கள் தாமான் குடியிருப்பிலேயே என்னைப் போல இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அம்மா பெயர் அஞ்சலை. எனக்குப் பெயரும் சோறும் தமிழும் அவர் கொடுத்தவை. எங்கள் வீட்டில் இந்த விஷயத்தை யாரும் மறைக்கவில்லை. யாரும் பேசவுமில்லை.

வேலை கற்றுக்கொண்ட மூன்று வருடத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். காதில் ஹெட்போன், காலடியில் டேப்பை நிறுத்தவும் ஓட்டவும் ஒரு பெடல். வலது காதில் கொஞ்ச நாள் சீழ் வந்தது, மலாய் இலக்கணம் சரியானது.

இந்த வேலை பார்த்தால் எல்லாப் படத்தைப் பற்றியும் ஒரு அபிப்பிராயம் வந்துவிடும். எனக்கும் வந்தது, இன்னும் போகவில்லை. கறுப்பு வெள்ளைப் படங்களில் ஒருவர் பேசி முடித்த பிறகுதான் அடுத்தவர் வாயைத் திறப்பார். என்னைப் போன்றவர்களுக்கு அது சொர்க்கம். வண்ணம் வந்த பிறகு எல்லாரும் சேர்ந்து கத்த ஆரம்பித்தார்கள். கோர்ட் சீனில் கதாநாயகன் நாலு நிமிடம் மூச்சுவிடாமல் பேசுவார், கொட்டகையே எழுந்து நின்று கைதட்டியிருக்கும். மலாயில் சுருக்கிப் பார்த்தால் ‘நான் குற்றவாளி இல்லை, சமூகம்தான் குற்றவாளி’ என்பதற்கு மேல் ஒன்றும் தேறாது. நடிப்பில் எப்போதும் சித்தி, அத்தை வேஷம் போட்டவர்கள்தான் கெட்டிக்காரிகள். அழச் சொன்னால் கதாநாயகி கண்ணாடியைப் பார்த்து அழுவது போலவே அழுவாள். சித்தி முந்தானையால் மூக்கைத் துடைப்பாள். டிவி நாடகங்களில் மாமியார் முகத்தை மூன்று பக்கத்திலிருந்து மின்னலோடு காட்டும்போது நான் ஒரு கட்டு கீரையை ஆய்ந்துவிடுவேன். பாட்டென்றால், வாத்தியம் குறைவாக இருந்த காலத்துப் பாடகர்கள்தான் எனக்கு. அவர்கள் சொல்லை விழுங்க மாட்டார்கள். இதை மறுக்கிறவர்கள் என்னோடு வந்து வாதாடலாம், நான் சும்மாதான் இருக்கிறேன்.

எங்களுக்கு மேலே இருந்தவர் புவான் ரொக்கியா. மலாயில் புவான் என்றால் மேடம். மலாய்க்காரர், முன்பு பள்ளிக்கூட ஆசிரியை. பதினாறு வருடம் தமிழ்ப் படங்களின் சப்டைட்டிலைத் திருத்தினாலும் அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. கற்றுக்கொள்ளவும் மறுத்துவிட்டார். “பார்க்கிறவங்களுக்குத் தெரியாதே, எனக்கு மட்டும் ஏன் தெரியணும்?” என்பார். எங்கள் பேச்சு மலாயில்தான் நடக்கும், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவர் திருத்துகிற முறை இது. டிவியில் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிடுவார். கையில் விளையாட்டு மாஸ்டர்கள் வைத்திருக்கிற ஸ்டாப்வாட்ச். திரையில் வரி வந்ததும் பட்டனை அமுக்கிவிட்டு வாய்விட்டு வாசிப்பார். ஒரு சப்டைட்டிலுக்கு இரண்டு வரிதான், வரிக்கு முப்பத்தைந்து எழுத்துக்கு மேல் போகக் கூடாது. திரையில் மறைவதற்குள் அவர் வாசித்து முடிக்க வேண்டும், முடித்த பிறகு நடிகர் முகத்தைப் பார்க்க ஒரு கணம் மிச்சமிருக்க வேண்டும். அந்தக் கணம் இல்லாவிட்டால் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. “செக்காலி லாகி” என்பார், இன்னொரு தடவை என்று அர்த்தம். திட்ட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். ஒரு வரிக்கு ஒன்பது தடவை ‘செக்காலி லாகி’ வாங்கிய நாள் எனக்கு உண்டு. ஒன்பதாவது தடவையும் முதல் தடவை சொன்ன அதே மரியாதையோடு சொன்னார்.

பாட்டு வந்தால் மட்டும் புவான் எழுந்து தேநீர் கலக்கப் போய்விடுவார். பாட்டுக்கு சப்டைட்டில் கிடையாது. அது தொலைக்காட்சி நிலையத்தின் விதி.

அந்தப் படம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஒளிபரப்புக்கு வந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பாதிப் பேர் கதையை விட்டுவிட்டுப் படத்தைப் பற்றிச் சண்டைக்கு வருவீர்கள். கதை இதுதான். அக்கா, தங்கை. கல்யாணமாகாத தங்கைக்குக் குழந்தை பிறக்க, அக்கா அதைத் தன் பிள்ளையென்று சொல்லி வளர்க்கிறாள். வளர்ந்த அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம். தங்கை வெளியூரிலிருந்து வந்து, உள்ளே போக முடியாமல் வாசலில் கட்டிய வாழைமரத்தோடு ஒட்டி நிற்கிறாள். மணவறையிலிருந்து அக்கா பார்த்துவிடுகிறாள். எதுவும் பேச முடியாது, சுற்றிலும் சம்பந்திக் கூட்டம். மணப்பெண்ணை வாழ்த்துவது போல ஒரு பாட்டுப் பாடுகிறாள். ‘வாசலில் நிற்கிற வாழைக்குத் தெரியுமோ, தன் கன்றின் கல்யாணம் இன்றென்று?’ தங்கைக்குப் புரிகிறது: அக்கா தன்னைப் பார்த்துவிட்டாள், மன்னித்துவிட்டாள், பெற்றவள் நீதான் என்று சபையிலேயே சொல்லிவிட்டாள். பாட்டு முடியும்போது திரும்பிப் போய்விடுகிறாள். அதற்குப் பிறகு படத்தில் இந்த விஷயத்தைப் பற்றி ஒரு வசனம்கூடக் கிடையாது.

விளம்பர நேரம் போகப் படம் நீளம் என்று நிலையத்திலிருந்து வெட்ட வேண்டியவற்றின் பட்டியல் வந்தது. வழக்கம்போல எல்லாம் பாட்டு. அதில் இந்தப் பாட்டும் இருந்தது.

ஒவ்வொரு படமும் முடிந்ததும் ‘சப்டைட்டில் முழுமையாக உள்ளது’ என்ற பாரத்தில் எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும். பாரத்தைக் கையெழுத்தில்லாமல் புவான் மேசையில் வைத்தேன்.

“பேனா இல்லையா?” என்றார்.

“இருக்கு புவான். இது முழுசா இல்ல. கையெழுத்துப் போட மாட்டேன்.”

பாட்டைப் பற்றிச் சொன்னேன். விதியைச் சொன்னார். மறுபடி சொன்னேன். மறுபடி அதே விதி, அதே குரலில்.

“புவான், நேத்து நீங்க தேநீரோட திரும்பி வந்து இந்தக் காட்சியோட கடைசியைப் பாத்தீங்க. அந்தப் பொம்பள ஏன் திரும்பிப் போறா?”

யோசிக்கவே இல்லை. “மெராஜுக். கோவிச்சுக்கிட்டுப் போறா. யாரும் அவளை வான்னு கூப்பிடல.”

“இல்ல புவான். கூப்பிட்டாச்சு. பாட்டுல கூப்பிட்டாச்சு.”

டேப்பை அந்த இடத்துக்கு ஓட்டினேன். அவர் அனுமதி கேட்காமல் சத்தத்தைக் கூட்டினேன். அந்த அறையில் அந்த டிவி அன்றுதான் முதல் முறையாகப் பாடியிருக்கும். ஒவ்வொரு அடியாக நிறுத்தி மலாயில் சொன்னேன். புவான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் என் முகத்தைப் பார்த்தார். என் பிறப்பு அவருக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டவர்.

“தனம், இது படத்துக்காகவா, உனக்காகவா?”

பொய் சொல்லத் தோன்றவில்லை. “ரெண்டுக்கும்தான் புவான். ஆனா படத்துக்குத் தேவையில்லேன்னா எனக்காகக் கேட்டிருக்க மாட்டேன்.”

பாரத்தை என் பக்கம் தள்ளினார். “பாட்டு மூணு நிமிஷம் நாப்பது செகண்ட். கதை உடையாம அதே அளவு வேற எங்கேயாவது வெட்டிக் கொண்டா. நாளைக்குப் பத்து மணிக்குள்ள சப்டைட்டிலும் வேணும். இல்லேன்னா உன் இடத்துல நானே கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவேன். அப்புறம் நீ வேற வேலை தேடிக்கணும்.”

கோபத்தில் சொல்லவில்லை. நேரத்தை அளந்து சொன்னார், அவ்வளவுதான்.

மூன்று நிமிடம் நாற்பது விநாடி. படத்தை முழுதும் ஓட்டிப் பார்த்தேன். சண்டையை வெட்டினால் கதாநாயகன் கையில் கட்டு எப்படி வந்தது என்று தெரியாது. வில்லன் வீட்டுக் காட்சியில் கதைக்கு வேண்டிய ஒரு கடிதம் இருக்கிறது. மிச்சம் ஒரே ஒரு காட்சி: காமெடி நடிகர் வாடகைக்கு வீடு தேடிப் போய், காது கேட்காதவர் போல நடித்து மாட்டிக்கொள்வது. பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்கு மனப்பாடமான காட்சி. நானும் தம்பியும் வீட்டில் அதை நடித்துக் காட்டித்தான் விருந்தாளிகளைச் சிரிக்க வைப்போம். அதன் நீளம் மூன்று நிமிடம் ஐம்பது விநாடி. கதைக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. தொடக்க நேரம், முடிவு நேரம் எழுதி, பக்கத்தில் ‘நீக்கவும்’ என்று போட்டேன். வலித்தது.

அடுத்து இன்னொரு சிக்கல். டேப் தேய்ந்திருந்தது. ‘தன் கன்றின் கல்யாணம்’ என்கிற இடத்தில் ஒரு கரகரப்பு. ‘கண்ணின்’ என்றும் கேட்கலாம். என் கண்ணே என்று கொஞ்சுவதாக இருந்தால் அது வெறும் வாழ்த்துப் பாட்டு, என் வாதம் முழுதும் பொய். எனக்கு நினைவிருக்கிறது என்பது போதாது. நினைவு நமக்கு வேண்டியதைத்தான் கேட்கும்.

ஆபீஸ் விட்டதும் ரயிலேறி, தமிழ்க் கடைகள் இருக்கிற பிரிக்பீல்ட்ஸ் போனேன். கேசட் கடை வைத்திருந்த அண்ணனுக்கு என்னைத் தெரியும்.

“அண்ணே, இந்தப் பாட்டு நல்ல பிரிண்ட்டுல இருக்கா? ஒரு வார்த்தை கேக்கணும்.”

“கண்ணின்னுதாம்மா வரும். முப்பது வருஷமா கேக்குறேன்.”

“போட்டுக் காட்டுங்கண்ணே.”

உள்ளே போய் ஒரு இசைத்தட்டை எடுத்து வந்து, துணியால் துடைத்து, ஊசியை வைத்தார். கடைக்கு வெளியே பஸ் ஹாரன். இருவரும் ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றோம். பாடகி அந்த இடத்தில் ‘ன்’னையும் ‘றி’யையும் அழுத்தி, தனித்தனியாகப் படிக்கட்டு இறங்குவது போல உச்சரித்தார். கன்று. சந்தேகமே இல்லை.

அண்ணன் ஊசியைத் தூக்கினார். “அட, ஆமா. கன்றுதான்.” இசைத்தட்டை உறையில் போட்டுக்கொண்டே, “இத்தனை வருஷம் சும்மா கேட்டிருக்கேன்மா” என்றார்.

மறுநாள் கிள்ளானிலிருந்து முதல் ரயில். ஒன்பது மணிக்குள் மற்ற அடிகளை எல்லாம் முடித்தாகிவிட்டது. அந்த ஒரு அடிதான் அடங்கவில்லை. நான் எழுதியதைப் புவான் ஸ்டாப்வாட்ச்சோடு வாசித்தார், பாதியில் மூச்சு முட்டியது. செக்காலி லாகி. சுருக்கினேன், வாழைமரம் மட்டும் இருந்தது, வலி போய்விட்டது. செக்காலி லாகி. மலாயிலும் வாழைக்கன்றை வாழையின் ‘அனாக்’, அதாவது பிள்ளை என்றுதான் சொல்வார்கள். தமிழில் கவிஞர் ஒளித்து வைத்தது மலாயில் தானாகவே கிடைத்தது. ஆனால் ‘கல்யாணம்’ என்பதற்கு நான் போட்ட சொல் அலுவலகக் கடிதம் போல நீளமாக இருந்தது. ஐந்தாவது தடவை புவான் பென்சிலைத் திருப்பிப் பிடித்து அந்தச் சொல்லை அழித்துவிட்டு, தன் கையால் இரண்டு சொல் எழுதினார்: ‘நாயிக் பெலாமின்’. மணமேடை ஏறுவது. மலாய் வீடுகளில் தாய்மார்கள் மகளைப் பற்றிச் சொல்கிற சொல்.

“தாஹுகா பீசாங் டி முக்கா பிந்து, ஹாரி இனி அனாக்ஞா நாயிக் பெலாமின்?”

வாசலில் நிற்கும் வாழைக்குத் தெரியுமோ, இன்று தன் பிள்ளை மணமேடை ஏறுகிறது என்று. பட்டனை அமுக்கினார், வாசித்தார். முடித்த பிறகு வாசலில் நிற்கிறவளின் முகத்தைப் பார்க்க ஒரு கணம் மிச்சமிருந்தது. அதற்குப் பிறகும் அவர் ஸ்டாப்வாட்ச்சை நிறுத்த மறந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

நிலையத்துக்கு அவரே போன் செய்தார். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. இவர் சொன்னது மட்டும் கேட்டது: “இது பாட்டு இல்லை. வசனம். பாடிச் சொல்றாங்க, அவ்வளவுதான்.” நான் பாரத்தில் கையெழுத்துப் போட்டேன். கீழே அவரும் போட்டார். அந்தப் பாரத்தில் அவர் கையெழுத்துக்கு இடமே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் உட்கார்ந்து படம் பார்த்தோம். பாதியில் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து தம்பி போன் செய்தான்.

“அக்கா, எந்த மடையன் அந்த வாடகை வீட்டுக் காமெடிய வெட்டுனான்? உங்க ஆபீஸ்ல கேளு!”

“நான்தான்டா வெட்டுனேன்.”

போனை வைத்துவிட்டான். இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

பாட்டு வந்தது. என் வரிகள் கீழே ஓடின. அம்மாவுக்கு மலாய் படிக்கத் தெரியாது, பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். வாழைமரத்தோடு நிற்கிறவளைக் காட்டியபோது, டிவியைப் பார்த்தபடியே சொன்னார்.

“உங்கல்யாணத்துக்கு அந்தம்மா வந்திருந்துச்சு.”

“எந்தம்மா?”

“உன்னப் பெத்தவ. பண்டமாரான்ல இருக்கு. நான்தான் போயி பத்திரிகை வச்சேன்.” அம்மா காலை மடக்கி உட்கார்ந்தார். “இந்தப் படத்துல மாதிரி வாசல்ல எல்லாம் நிக்க விடலடி. மொதப் பந்தியில எம் பக்கத்துல உக்கார வச்சேன். பாயசம் ரெண்டு தரம் வாங்கிக் குடிச்சுச்சு.”

“ஏம்மா எங்கிட்டச் சொல்லல?”

“நீ கேக்கல. அதுவும் சொல்ல வேணாம்னுச்சு. இப்ப என்னமோ சொல்லணும்னு தோணுச்சு.”

என் கல்யாண வீடியோ கேசட் அம்மா அலமாரியில்தான் இருந்தது. படம் முடியும்வரைகூட நான் காத்திருக்கவில்லை. பந்திக் காட்சிக்கு ஓட்டினேன். அம்மா பட்டுப் புடவையில் பரிமாறச் சொல்லிக் கை காட்டுகிறார். பக்கத்தில் நீலச் சட்டை போட்ட ஒரு சீன அம்மாள். இலையைப் பார்க்கவில்லை, காமிராவையும் பார்க்கவில்லை. மணவறைப் பக்கம் பார்க்கிறார். பிறகு அம்மா காதருகே குனிந்து என்னவோ சொல்கிறார். பதினொரு விநாடி, காமிரா நகர்ந்துவிடுகிறது. சத்தத்தைக் கூட்டினேன். நாதஸ்வரம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி ஓட்டினேன், மறுபடியும்.

“என்னம்மா சொல்லுச்சு உங்கிட்ட?”

“எங்க ரெண்டு பேருக்கும் சந்தையில பேசுற பாசார் மலாய்தானே தெரியும். ‘சுடா பெசார்’னுச்சு.”

வளர்ந்துவிட்டாள் என்று அர்த்தம்.

திங்கட்கிழமை புவானிடம் அரை நாள் லீவு கேட்டேன். காரணத்தைச் சொன்னேன். ஸ்டாப்வாட்ச்சை இழுப்பறையில் போட்டு மூடினார். “முழு நாள் எடு. இப்பவே போ.”

அம்மாவையும் கூட்டிக்கொண்டு பண்டமாரானுக்குப் போனேன். தகர கேட் போட்ட வீடு. கேட்டைத் திறந்தவரே அவர்தான். அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய் இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

அதற்குப் பிறகு எட்டு வருடம் அவர் உயிரோடு இருந்தார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பேசுகிற ஹொக்கியன் சீனம் தெரியாது. சாப்பிட்டாயா, மழை வருமா, உன் பையன் எந்த வகுப்பு, முட்டி வலிக்கிறதா என்று பாசார் மலாயில் சின்னச் சின்ன வரிகளாகப் பேசிக்கொள்வோம். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு நேரம் இருந்தது.